முன்பக்க யன்னலில் கை வைக்கும் முன்: இங்கிலாந்தில் கன்சர்வேஷன் ஏரியாவில் வீடு வாங்கியவர்களுக்கு

லண்டனில் எங்கள் முதல் வீட்டின் முன்னறை யன்னல், காற்றடித்தால் தடதடவென்று ஆடும். திரைச்சீலை தன்பாட்டில் அசையும். அறிமுகமான ஒரு யன்னல்காரத் தம்பி வந்து அளந்து பார்த்தார். "அண்ணை, இதுக்கெல்லாம் ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை. உங்கட வீடு, உங்கட யன்னல்" என்றார். இரண்டு நாளில் மூன்று வெள்ளைப் பிளாஸ்டிக் யன்னல்கள் ஏறிவிட்டன. வீடு வெதுவெதுப்பானது. எங்களுக்கும் பெருமை.

ஏழாவது வாரம் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. முன்பக்க யன்னல்கள் அனுமதியில்லாமல் மாற்றப்பட்டதாகத் தகவல் கிடைத்திருக்கிறது, விளக்கம் வேண்டும் என்று. கடைசியில் அந்த மூன்றையும் கழற்றி மர யன்னல் போட்டோம். ஒரே ஓட்டைக்கு இரண்டு தடவை காசு. கோபம் ஆறிய பிறகு வீடு வாங்கியபோது சொலிசிட்டர் அனுப்பிய பத்திரக் கட்டை எடுத்துப் புரட்டினேன். நடுவில் எங்கோ ஒரு வரி: கன்சர்வேஷன் ஏரியா, ஆர்ட்டிக்கிள் 4 உண்டு. முதலாவது, தோற்றத்துக்காகச் சட்டம் காக்கும் பகுதி. இரண்டாவது, மற்ற இடங்களில் கேட்காமலே செய்யக்கூடிய மாற்றங்களுக்கும் அனுமதி கேட்கவைக்கும் கவுன்சில் ஆணை. கையெழுத்துப் போட்ட அவசரத்தில் நாங்கள்தான் வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர், கூட வேலை செய்பவர்கள் என்று பலருக்குக் கவுன்சிலிடம் பிளானிங் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட உதவியிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் விதிகள் வேறு.

எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நில்லுங்கள்

கன்சர்வேஷன் ஏரியா என்றதும் அரண்மனையும் கோபுரமும் நினைவுக்கு வரக்கூடாது. 1967இல் வந்த சட்டத்தின் கீழ் முதலில் அறிவிக்கப்பட்டது லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரம். இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 இடங்கள் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் குடியிருக்கும் பகுதிகளிலேயே பாருங்கள்: டூட்டிங்கில் 1901க்கும் 1911க்கும் இடையில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய டொட்டர்டவுன் ஃபீல்ட்ஸ், ஃபொரஸ்ட் கேற்றில் விக்ரோரியா காலத்து வுட்கிரேஞ்ச், வெம்பிளிப் பக்கம் இரண்டு போர்களுக்கும் இடையில் எழுந்த பார்ன் ஹில், சட்பரி கோர்ட். எல்லாம் சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டிய வீடுகள்தான்.

சட்டம் காப்பாற்ற நினைப்பது உங்கள் ஒரு வீட்டை அல்ல. அந்த இடத்தின் குணத்தையும் தோற்றத்தையும். ஆகவே எந்த வேலைக்கும் முன்னால் நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, உங்கள் வீட்டோடு இடமும் வலமும் மூன்று மூன்று வீடுகளைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் மாற்றப்போவது அங்கிருந்து தெரிகிறதா? தெரிந்தால் வேலை எவ்வளவு சின்னதானாலும் கவனம். உள்ளே குசினியை இடித்து மாற்றுவதோ சுவரை எடுப்பதோ, வீடு 'லிஸ்டட்' (சட்டப்படி பட்டியலிட்டுத் தனியாகப் பாதுகாக்கும்) கட்டடமாக இல்லாதவரை, பிளானிங் அனுமதி கேட்கும் வேலை இல்லை. மூன்றடி மதிலை இழந்த தெருவுக்காகச் சண்டை பிடிக்கும் கவுன்சில் அதிகாரி, உங்கள் உள்ளறை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கமாட்டார்.

முதலில் நாலு கேள்வி

கவுன்சில் இணையத்தளத்தில் வரைபடம் இருக்கும். அஞ்சல் குறியீட்டை அடித்தால் கன்சர்வேஷன் ஏரியாவின் எல்லை தெரியும். சில இடங்களில் எல்லைக்கோடு தெருவின் நடுவே ஓடும். எதிர்வீட்டுக்காரர் செய்ததை வைத்து நீங்களும் செய்யலாம் என்று முடிவெடுக்க முடியாததற்கு அது ஒரு காரணம்.

இரண்டாவது, வீடு 'லிஸ்டட்' கட்டடமா? ஆம் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அதற்குரிய ஆளைப் பிடியுங்கள். அங்கே உள்வேலைக்கும் தனி ஒப்புதல் வேண்டும். மீறினால் நேரடியாகக் குற்றம்.

மூன்றாவது, அது வீடா, பிளாட்டா? இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அனுமதி கேட்காமலே செய்யக்கூடிய சின்ன மாற்றங்களுக்கு 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்று பெயர். 2015ஆம் ஆண்டு அரசு ஆணையில் அதன் வீட்டு வேலைப் பகுதி தனி வீடுகளுக்கு மட்டுமே. ஒரு விக்ரோரியா வீட்டை மேலும் கீழுமாகப் பிரித்த பிளாட் என்றால் அந்தச் சலுகை கிடையாது. வெளித்தோற்றம் மாறும்படி யன்னல் போட்டால் ஆர்ட்டிக்கிள் 4 இல்லாத இடத்திலும் விண்ணப்பம் வேண்டும். நிலச் சொந்தக்காரரின் சம்மதம் அதற்கும் மேலாகத் தனி.

நாலாவது, ஆர்ட்டிக்கிள் 4 ஆணை இருக்கிறதா? இருந்தால் அதன் முழு வாசகத்தையும் இறக்கி வாசியுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் வரும்.

ஆர்ட்டிக்கிள் 4 இல்லாவிட்டாலும் இழப்பவை

கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் வந்த உடனேயே சில உரிமைகள் போய்விடுகின்றன. பின்பக்கம் ஒரு மாடி நீட்சி எடுக்கலாம். ஒட்டிய வீடானால் 3 மீற்றர், தனித்து நிற்கும் வீடானால் 4 மீற்றர். மற்ற இடங்களில் அயலவருக்கு அறிவித்து 6, 8 மீற்றர் வரை போகும் வழி இங்கே இல்லை. இரண்டு மாடி நீட்சிக்கும் பக்கவாட்டு நீட்சிக்கும் விண்ணப்பம் போடத்தான் வேண்டும்.

இந்தப் பக்கவாட்டுச் சங்கதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பழைய வரிசை வீடுகளின் பின்பகுதி எல் வடிவில் இருக்கும். பின் குசினிக்கும் மதிலுக்கும் இடையில் ஒடுங்கலாக ஒரு சந்து. எங்கள் ஆட்களுக்கு வீடு வாங்கியதும் வரும் முதல் ஆசை அந்தச் சந்தை மூடிக் குசினியை அகலமாக்குவதுதான். "பின்னுக்குத்தானே, ஆருக்குத் தெரியப்போகுது" என்பார்கள். ஆனால் பின் குசினியின் அந்தப் பக்கச் சுவர், சட்டத்தின் கணக்கில் மூல வீட்டின் பக்கச் சுவர். அதைத் தாண்டினால் பக்கவாட்டு நீட்சி. கன்சர்வேஷன் ஏரியாவில் அதற்கு அனுமதி வேண்டும். பெரும்பாலும் கிடைக்கும், கேட்காமல் செய்யமுடியாது, அவ்வளவுதான்.

முகட்டைப் பிளந்து வெளியே தள்ளும் லொஃப்ட் அறைக்கும் அப்படியே, முன்னுக்கென்றாலும் பின்னுக்கென்றாலும். கூரையோடு படிந்த கண்ணாடி யன்னல், ஓட்டிலிருந்து 150 மில்லிமீற்றருக்கு மேல் எழும்பாவிட்டால் பொதுவாகப் போடலாம். வெளிச்சுவருக்குச் சாந்து பூசுவது, கல், மரப்பலகை, பிளாஸ்டிக் ஒட்டுவது எல்லாம் சலுகைக்கு வெளியே. குளிருக்கு வெளிப்பக்கம் தடுப்புப் பலகை அடிக்கலாம் என்று கதவைத் தட்டும் விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை.

டிஷ் அன்ரனாவைத் தெருவைப் பார்த்த சுவரிலோ கூரையிலோ புகைபோக்கியிலோ மாட்டக்கூடாது. மீன் பொரிக்கும் புகையை வெளியேற்றும் குழாயையும் தெருவைப் பார்த்த முன், பக்கச் சுவர்களில் ஏற்றக்கூடாது, பின்பக்கம் கொண்டுபோங்கள். புகை என்றதும் இன்னொன்று. பின்வளவில் கொட்டில் அடித்து அதைப் 'புகைக் குசினி' ஆக்குவது எங்களிடையே நன்றாகப் பரவிவிட்டது. கொட்டில் போடும் சலுகை, வீட்டு வாழ்வுக்குத் துணையான பாவனைக்குத்தான். சைக்கிள், தோட்டச் சாமான், உடற்பயிற்சி மாதிரி. முழுக் குசினி, படுக்கையறை, குளியலறை என்று போனால் அது துணைப் பாவனை ஆகாது. வீட்டுக்கும் பக்க எல்லைக்கும் இடையில் கொட்டில் போடுவதும் இங்கே சலுகையில் இல்லை.

வாசலில் சப்பாத்துக் கழற்ற ஒரு சின்ன போர்ச் மட்டும் தப்பியிருக்கிறது. தரைப்பரப்பு 3 சதுர மீற்றர், உயரம் 3 மீற்றர், தெருவை ஒட்டிய எல்லையில் இருந்து 2 மீற்றர் தள்ளி. ஆர்ட்டிக்கிள் 4 வந்தால் இதுவும் போகக்கூடும்.

கூரையில் சோலார் போடமுடியாது என்று பலர் நினைக்கிறார்கள். கூரைச் சரிவை விட்டு 200 மில்லிமீற்றருக்கு மேல் துருத்தாமல் இருந்தால் கன்சர்வேஷன் ஏரியாவிலும் பொதுவாக அனுமதி கேட்காமலே போடலாம். தெருவைப் பார்த்த சுவரில்தான் முடியாது.

மதில்: தெருவை ஒட்டி 1 மீற்றருக்கு மேலான மதிலையும், மற்ற இடத்தில் 2 மீற்றருக்கு மேலானதையும் இடிக்க அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் இடிப்பது இங்கே நேரடிக் குற்றம். கடிதம், விளக்கம் என்ற படிகளெல்லாம் தாண்டிப் போய்விடும். கார் விட முன்தோட்டத்தைக் கல் போட்டு மூடுவதென்றால், 5 சதுர மீற்றருக்கு மேல் போகும்போது தண்ணீர் உறிஞ்சும் கல் வேண்டும், அல்லது தண்ணீர் உங்கள் வளவுக்குள்ளேயே வடிய வழி வேண்டும். நடைபாதைக் கல்லைத் தாழ்த்த வீதிப் பகுதியினரிடம் வேறு விண்ணப்பம்.

ஆர்ட்டிக்கிள் 4 என்ன செய்கிறது

மேலே சொன்னதில் மிச்சமிருக்கும் சலுகைகளையும் கவுன்சில் குறிப்பாகப் பெயர் சொல்லிப் பறிப்பதுதான் ஆர்ட்டிக்கிள் 4. வழக்கமாகத் தெருவைப் பார்த்த பக்கத்துக்கு: யன்னல், கதவு, கூரை ஓடு, புகைபோக்கி, போர்ச், முன் மதில், முன்தோட்டத் தரை, சில இடங்களில் செங்கல்லுக்குச் சாயம் பூசுவதுகூட. எல்லா ஆணைகளும் ஒரே மாதிரி இல்லை. பக்கத்துப் பகுதியில் கதவு மட்டும் அடங்கும், உங்கள் பகுதியில் எல்லாமே அடங்கும்.

பழுதுபார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. உக்கிப்போன மரத் துண்டை வெட்டி அதே வடிவில் புது மரம் செருகுவது, யன்னலைத் தூக்கும் கயிற்றை மாற்றுவது, இடைவெளியில் தூரிகைப் பட்டி அடித்துக் காற்றை மறிப்பது, எதற்கும் அனுமதி தேவையில்லை. உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடி மாட்டுவதும் அப்படியே. எங்கள் தடதடப்புக்கு உண்மையில் இந்த வைத்தியமே போதுமாயிருந்தது என்பதைப் பிறகுதான் ஒரு வயதான தச்சர் சொன்னார். அவர் பழைய யன்னலை ஒரு பிற்பகலில் சரியாக்கியிருப்பாராம்.

யன்னலைக் கிட்ட நின்று பார்த்தால்

அதிகாரிக்கு ஏன் பிளாஸ்டிக் யன்னல் பிடிக்காது? வெறும் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் அந்தத் தச்சர் என்னைத் தெருவில் நிறுத்தி இரண்டு வீடுகளைக் காட்டினார்.

ஒன்றில் பழைய மேல்கீழாக ஏறி இறங்கும் மர யன்னல். அது செங்கல் முகப்போடு மட்டமாக இல்லை. உள்ளே தள்ளி, நிழலில் நிற்கிறது. லண்டனில் 1709ஆம் ஆண்டுச் சட்டம் தீ பரவாதிருக்க யன்னல் சட்டத்தை உள்ளே தள்ளச் சொன்னது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. தெருவில் இருந்து தெரிவது ஒல்லியான மரக்கோடு மட்டும். கண்ணாடியைப் பிரிக்கும் சட்டங்கள் சின்னவிரல் தடிப்பு. மேல் சட்டத்தின் இரண்டு மூலையிலும் கீழ்நோக்கி நீளும் சிறிய மரக் கொம்பு: விக்ரோரியா காலத்தில் பெரிய கண்ணாடி வந்தபோது, பாரம் தாங்க மூலை இணைப்பை நீட்டிவிட்டதன் அடையாளம். மேல் கண்ணாடி வெளியேயும் கீழ்க் கண்ணாடி உள்ளேயுமாக இரண்டு தளங்களில் நிற்பதால் வெயில் இரண்டிலும் வேறு விதமாகப் பட்டது.

மற்றதில் எங்கள் வீட்டு மாதிரியே வெள்ளைப் பிளாஸ்டிக். சட்டம் இரண்டு மடங்கு தடிப்பு, ஒரே தளம், திறந்தால் பறவை இறகு மாதிரி வெளியே நீட்டும் மேல் கதவு. கண்ணாடிக்கு நடுவே ஒட்டிய போலிக் கோடு. அன்றைக்குத்தான் எனக்கும் கண் திறந்தது.

விண்ணப்பத்தில் வெல்வதும் தோற்பதும் இந்த விவரங்களில்தான். மர யன்னல், அதே திறப்பு முறை, அதே உள்வாங்கல், கொம்பு, ஒல்லிச் சட்டம் என்று காட்டினால் இரட்டைக் கண்ணாடிக்குப் பல கவுன்சில்கள் மறுப்பதில்லை. வழக்கமான இரட்டைக் கண்ணாடி 24 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ தடிப்பு. பழைய சட்டத்துக்கு அது பொருந்தாது. 12 முதல் 14 மில்லிமீற்றர் வரையான ஒல்லி வகை கிடைக்கிறது. விலை கூடத்தான். பின்பக்க யன்னலுக்கு ஆர்ட்டிக்கிள் 4 பொருந்தாவிட்டால் அங்கே செலவைக் குறைத்து முன்பக்கத்துக்குக் கொடுங்கள்.

விண்ணப்பம் போடும் விதம்

வரைய முன்னர் வாசியுங்கள். ஒவ்வொரு கன்சர்வேஷன் ஏரியாவுக்கும் கவுன்சில் 'கேரக்டர் அப்ரைசல்' என்று ஓர் அறிக்கை வைத்திருப்பது வழக்கம். உங்கள் தெருவில் எது அருமை, எது கெடுத்தது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். அதிகாரி தீர்மானம் எழுதும்போது விரித்து வைக்கும் புத்தகம் அதுதான். நீங்களும் அதே வார்த்தைகளில் பேசினால் வேலை பாதி முடிந்த மாதிரி.

சந்தேகமென்றால் காசு கட்டி முன் ஆலோசனை கேட்கலாம். யன்னல், கதவு மாதிரி நேரான வேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை; நீட்சிக்குப் பிரயோசனம். அனுமதியே தேவையில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும், விற்கும்போது காட்ட ஒரு தாள் வேண்டுமென்றால் சட்டபூர்வச் சான்றிதழ் எடுங்கள். கட்டணம் விண்ணப்பத்தின் பாதி.

விண்ணப்பத்தை 'பிளானிங் போர்ட்டல்' என்ற இணையத்தளம் வழியாகப் போடலாம். வீட்டு மாற்றத்துக்கான கட்டணம் 2025 ஏப்ரல் 1இல் 528 பவுண்டு ஆனது. ஒவ்வொரு ஏப்ரலிலும் விலைவாசிக்கு ஏற்பக் கூடும். போர்ட்டலின் சேவைக் கட்டணம் தனி. ஆர்ட்டிக்கிள் 4ஆல் மட்டுமே அனுமதி தேவைப்பட்டால் முன்பு கட்டணம் இல்லை. 2018 ஜனவரியில் இருந்து அந்தக் கதை முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளி ஒருவர் வீட்டுக்குள் வந்துபோக அல்லது பாதுகாப்பாக வாழச் செய்யும் மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. வயதான அம்மா அப்பாவுக்காகச் சாய்வுப்பாதை போடுகிறவர்களில் பலர் இதை அறியாமல் கட்டிவிடுகிறார்கள்.

இணைக்க வேண்டியவை: 1:1250 அளவில் இருப்பிட வரைபடம், வளவைச் சுற்றிச் சிவப்புக் கோடு, வடக்கு அம்புக்குறி. கூகுள் படத்தை வெட்டி ஒட்டினால் திருப்பி அனுப்புவார்கள். உரிமம் பெற்ற ஓர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை இணையத்தில் சில பவுண்டுக்கு வாங்கலாம். 1:500 அல்லது 1:200 அளவில் வளவு வரைபடம். இப்போதுள்ள முகப்பும் மாறப்போகும் முகப்பும் 1:50 அல்லது 1:100இல். யன்னலென்றால் வெட்டுமுகம் பெரிய அளவில், 1:5 மாதிரி. இதை யன்னல் செய்பவரிடமே கேட்டு வாங்குங்கள். தரமுடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். சொத்து முழுக்க உங்களுடையதென்றால் படிவத்தில் உரிமைச் சான்றிதழ் ஏ. வேலை நடக்கும் நிலத்தில் வேறொருவருக்கும் பங்கு இருந்தால் அவருக்கு அறிவித்தல் கொடுத்துச் சான்றிதழ் பி.

இவற்றோடு மரபுக் குறிப்பு ('ஹெரிடேஜ் ஸ்டேட்மென்ட்'). பெயரைக் கேட்டுப் பயந்து இதற்கென்று ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள். யன்னலுக்கு ஒன்றரைப் பக்கம் போதும். வீடு எப்போது, எந்த மாதிரிக் கட்டியது. அப்ரைசல் அந்தத் தெருவைப் பற்றி என்ன சொல்கிறது. இப்போது இருப்பதன் நிலை என்ன, உக்கல் தெரியும் கிட்டப் படங்களோடு. புதியது தோற்றத்தை எப்படிக் காக்கிறது. இந்த நாலும் வந்தால் சரி. எங்கள் குறிப்பில் பக்கத்து வீட்டு மூல யன்னலைப் படம் எடுத்து, "இதே மாதிரி" என்று அளவோடு காட்டினோம். அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எட்டு வாரம்

எல்லாத் தாளும் சரியென்று ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எட்டு வாரம். அனுப்பிய நாளிலிருந்து அல்ல. ஒரு வடக்கு அம்புக்குறி விடுபட்டதற்காக இரண்டு வாரம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசல் விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் கட்டுவார்கள், உள்ளூர்ப் பத்திரிகையிலும் போடுவார்கள். கருத்துச் சொல்ல 21 நாள். பல இடங்களில் அயலவர்கள் சேர்ந்து நடத்தும் ஆலோசனைக் குழுவும் கருத்து அனுப்பும்.

அறிவித்தல் கட்டும் முன்பே ஒரு தட்டு ரோல்ஸோடு இரண்டு பக்க வீட்டுக்கும் போய் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். லஞ்சமில்லை, மரியாதை. கம்பத்தில் வாசித்துத் தெரிந்துகொள்ளும் அயலவரின் கோபம் வேறு மாதிரி இருக்கும்.

ஐந்தாம், ஆறாம் வாரத்தில் அதிகாரிக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் எழுதுங்கள்: ஏதாவது குறை தெரிகிறதா, திருத்தித் தரலாமா? பல அதிகாரிகள் அவகாசம் கேட்டுத் திருத்தம் வாங்குவார்கள். இதில் வெட்கப்படவேண்டாம். திரும்பப் பெற்று மறுபடி இலவசமாகப் போடும் சலுகை 2023 டிசம்பரோடு போய்விட்டது; இப்போது இரண்டாம் முறைக்கும் முழுக்கட்டணம்.

மறுத்துவிட்டால் 12 வாரத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற அரசு அமைப்புக்கு மேன்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் மறுப்புக் கடிதத்தில் காரணம் தெளிவாக எழுதியிருக்கும். யன்னல் சட்டத்தின் தடிப்பு அதிகம், திறப்பு முறை பிழை என்பது போன்ற காரணமென்றால் சண்டையை விட திருத்தம் வேகமானது.

ஏற்கெனவே செய்து முடித்தவர்கள் பின்னோக்கி விண்ணப்பிக்கலாம். "நாலு வருஷம் ஒளிச்சிருந்தாச் சரி" என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். 2024 ஏப்ரல் 25 முதல் முடிந்த வேலைகளுக்கு, கவுன்சில் நடவடிக்கை எடுக்கக்கூடிய அந்தக் காலம் பத்து வருடம்.

மரமும் மற்றவையும்

பின்வளவு மரத்தை வெட்ட, கிளை கழிக்க, ஆறு வாரத்துக்கு முன் கவுன்சிலுக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும், நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் தண்டின் குறுக்களவு 75 மில்லிமீற்றருக்கு மேல் என்றால். கட்டணம் கிடையாது. ஆறு வாரத்துக்குள் கவுன்சில் பாதுகாப்பு ஆணை போடாவிட்டால் வெட்டலாம்.

பிளானிங் அனுமதி கிடைத்ததும் கட்டட ஒழுங்குவிதி என்ற வேறு வாசல் இருக்கிறது. யன்னலை ஃபென்சாவில் (யன்னல் போடுபவர்களைப் பதியும் அமைப்பு) பதிந்த ஆள் போட்டால் அவரே சான்றிதழ் தருவார். பொதுச்சுவரைத் தொடும் வேலையென்றால் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அயலவருக்கு அறிவித்தல்.

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை வேலைகாரர் வரும் முன் வாசியுங்கள். "மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்கவேண்டும்" என்று ஒரு வரி இருந்தால், அதற்கு முன் தொடங்கிய வேலை அனுமதியில்லாத வேலையாகிவிடலாம். வேலையை மூன்று வருடத்துக்குள் தொடங்கவேண்டும். அனுமதிக் கடிதம், முத்திரையிட்ட வரைபடம், ஃபென்சா சான்றிதழ், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எங்களுடையது சாமியறைத் தட்டில், காப்புறுதிப் பத்திரத்துக்கு மேலே இருக்கிறது. அடியில் அந்த முதல் கடிதமும்.